குளத்துத் தண்ணியும் மைக்ராஸ்கோப்பும்: கேளுங்க, சொல்றேன்

கவர்மென்ட் ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கிறேன், வருஷா வருஷம் பசங்களோட குளத்துத் தண்ணி பாக்கிறது உண்டு. கேட்டவங்களுக்கு ஒவ்வொண்ணா பதில் போடுறேன், லேட்டானா கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், ஊருணியில ஒரு பாட்டில் தண்ணி மொண்டு வந்தேன், பளிங்கு மாதிரி இருக்கு. ஒரு மணி நேரமா பாத்தும் ஒண்ணையும் காணோம். லென்ஸ் சரியில்லையா?

பதில்: லென்ஸ் மேல பழி போடாதீங்க மேடம், தெளிஞ்சு கிடக்கே அதான் பிரச்சனை. நடுவுல இருக்கிற தெளிஞ்ச தண்ணில பெருசா ஒண்ணும் மாட்டாது. உயிரெல்லாம் ஓரத்துல, வேலம்பாசிக்குள்ள, மக்கின இலைக்கு அடியில, கல்லு மேல இருக்கிற வழவழப்புல தான் குடியிருக்கு. பாசிய ஒரு கைப்பிடி எடுத்து கிண்ணத்துல பிழிங்க, அந்த அழுக்குத் தண்ணி தான் சரக்கு. பாட்டில முக்கால்வாசிக்கு மேல நிரப்பாதீங்க, இறுக்கி மூடி வெயில்ல வச்சா பள்ளிக்கூடம் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் செத்துரும். லேவன்ஹுக்னு டெல்ஃப்ட் ஊர் துணி வியாபாரி 1674ல ஏரித் தண்ணியப் பாத்து லெட்டர் எழுதினாரே, அவரு எடுத்ததும் பச்சை பச்சையா பாசி மிதந்த தண்ணி தான்.

கேள்வி: சார் பாரமீசியம்னு அந்த ஒத்தச் செல் உயிர் தெரியுது, ஆனா சர்ருனு ஓடிடுது, பசங்க "எங்க எங்க"ன்னு கேக்குறதுக்குள்ள காணாமப் போயிடுது.

பதில்: பஞ்சைப் பிச்சு நாலே நாலு இழை சொட்டுல போட்டு மேல கவர் ஸ்லிப் (மூடுற மெல்லிசு கண்ணாடித் துண்டு) வைங்க, இழைக்கு நடுவுல சிக்கி அங்கயே சுத்திட்டு இருக்கும். எடுத்த எடுப்புல 40 மடங்கு லென்ஸுக்குத் தாவாதீங்க டீச்சர், எல்லாரும் பண்ற தப்பு இது. 4ல தேடு, 10ல பாரு, அவ்வளவு தான், ஐபீஸும் (கண்ணு வைக்கிற லென்ஸ்) 10னா மொத்தம் 100 மடங்கு வந்துருதுல்ல, பாரமீசியத்துக்கு அது தாராளம். அப்புறம் ஃபேன ஆஃப் பண்ணுங்க, சொட்டு சீக்கிரம் காய்ஞ்சிடும்.

கேள்வி: என் ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் கறுப்பு விளிம்போட ஒரு வட்டத்த வரைஞ்சு வச்சிருக்காங்க, அது என்ன செல் சார்?

பதில்: ஹாஹா, அது காத்துக் குமிழி! எங்க கிளாஸ்லயும் முதல் நாள் நோட்டு பூரா இது தான். கவர் ஸ்லிப்ப ஒரு ஓரமா சாய்ச்சு மெதுவா இறக்குங்க, குறைஞ்சிடும். ஆனா அந்தப் படத்த அழிக்கச் சொல்லாதீங்க, பக்கத்துல "குமிழி"ன்னு எழுதச் சொல்லுங்க.

கேள்வி: எங்க ஸ்கூல்ல கண்ணாடி வச்ச பழைய மைக்ராஸ்கோப் ஒண்ணு தான், பசங்க 42 பேர். என்ன பண்ண?

பதில்: முதல்ல ஒண்ணு, அந்தக் கண்ணாடிய நேரா சூரியனப் பாத்துத் திருப்பவே கூடாது, கண்ணு போயிரும், ஜன்னல் வெளிச்சம் போதும். ஐபீஸ்ல போன் கேமராவ ஒட்டி வச்சு எடுத்தா மொத்த கிளாஸும் பாக்கலாம், கை ஆடும், நாலஞ்சு தடவை பழகினா வந்துரும். ஸ்டான்ஃபோர்ட்ல மனு பிரகாஷ் டீம் பண்ணின ஃபோல்ட்ஸ்கோப்னு பேப்பர்ல மடிக்கிற மைக்ராஸ்கோப் இருக்கு, 140 மடங்கு காட்டும், கிடைச்சா விடாதீங்க. அது வர்ற வரைக்கும் மத்த பசங்களுக்கு ஒரு வெள்ளைக் கிண்ணமும் கை லென்ஸும் குடுங்க. டாஃப்னியா, அதான் தண்ணித் தெள்ளு, வெறுங்கண்ணுக்கே தத்தித் தத்திப் போறது தெரியும். அதையே ஸ்லைடுல வச்சா முதுகுப் பக்கம் இதயம் படபடன்னு அடிக்கும், எண்ண முடியாது, அதனால ஒருத்தன் பாத்துக்கிட்டே பேப்பர்ல பேனாவால புள்ளி குத்தணும், பக்கத்துல இருக்கிறவன் கடிகாரத்துல 15 செகண்ட் பாக்கணும், புள்ளிய எண்ணி நாலால பெருக்கினா ஒரு நிமிஷத் துடிப்பு. தண்ணி ஜில்லுனு இருந்தா துடிப்பு குறையும், அதையும் பசங்களையே கண்டுபிடிக்க விடுங்க. சைக்ளோப்ஸ்னு இன்னொரு குட்டி உயிர் இருக்கு, கிரேக்கக் கதையில வர்ற ஒத்தக் கண்ணு அரக்கன் பேரு அது. ஒரு பொண்ணு அதப் பாத்துட்டு "சார் ஒத்தக் கண்ணால என்னைய முறைக்குது"ன்னா, நான் சொல்லித் தராமலே பேர் காரணம் முடிஞ்சிருச்சு!

கேள்வி: குளமே வத்திப் போச்சு அண்ணா, ஏப்ரல் மாசம் என்ன செய்ய?

பதில்: வத்தின குளத்து மண்ணும் காய்ஞ்ச சருகும் போதும் தம்பி. வைக்கோல நறுக்கி பத்து நிமிஷம் கொதிக்க வச்சு நல்லா ஆறவிட்டு அதுல அந்த மண்ணு ரெண்டு ஸ்பூன். பைப் தண்ணில குளோரின் இருந்தா ஒரு நாள் திறந்து வச்சுட்டு அப்புறம் பயன்படுத்துங்க. ரெண்டு மூணு நாள்ல மேல ஆடை கட்டும், நாறும், அது பாக்டீரியா. அதத் திங்க குட்டிக் குட்டி சிலியேட் (பாரமீசியம் மாதிரி மயிரிழையால நீந்துற ஒத்தச் செல் உயிர்) வரும், ஒரு வாரம் போல ஆனா பெருசுங்க தலைகாட்டும். தினம் ஒரு சொட்டு பாத்து வரைஞ்சா யார் வந்தா யார் போனான்னு ஒரு கதையே கிடைக்கும். வாய மெல்லிசு துணியால கட்டிருங்க, இல்லன்னா கொசு முட்டை போடும், எச்.எம். கத்துவாரு, நியாயமும் அவர் பக்கம் தான்.

கேள்வி: பசங்க கைய விடலாமா? பேரன்ட்ஸ் பயப்படுறாங்க.

பதில்: புண்ணு இருந்தா வேணாம், வாயில மூக்குல படக்கூடாது, முடிச்சதும் சோப்பு. சாக்கடை கலக்கிற குளத்துப் பக்கமே போகாதீங்க. தண்ணி எடுக்க நீங்க இறங்குங்க, பசங்க கரையில நிக்கட்டும்.

கேள்வி: மிச்சத் தண்ணிய சிங்க்ல ஊத்திடலாமா சார்?

பதில்: எடுத்த குளத்துலயே கொண்டு போய் ஊத்துங்க. வேற குளத்துல ஊத்த வேணாம், ஆகாயத்தாமரைத் துண்டு ஒண்ணு கூடவே போனாலும் அடுத்த வருஷம் தண்ணியே தெரியாது.