இருபதுக்குப் பதினைந்து போதும்

கேள்வி: என் அக்காவுக்கு 49 வயது. மகளோடு டொரண்டோவில் நிரந்தர வதிவிட உரிமையில் இருக்கிறார். பிரஜாவுரிமைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்றதும் பயந்துபோய்விட்டார். தோட்டப் பாடசாலையில் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவர். தமிழில் எழுத முடியுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தமிழில் முடியாது தங்கச்சி, ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுதான். ஆனால் மொழி வேறு, பரீட்சை வேறு. மொழிக்குக் கேட்பதும் பேசுவதும் மட்டும்தான், அதுவும் கனடாவின் மொழி அளவுகோலில் நான்காம் நிலை, அதாவது டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் கிட்டத்தட்ட வந்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கச் செலவில் நடக்கும் லிங்க் (LINC) மொழி வகுப்பில் அந்த நிலையை முடித்த சான்றிதழையே ஆதாரமாகக் கொடுக்கலாம். அக்காவை முதலில் அங்கே சேரச் சொல்லுங்கள்.

பரீட்சையில் 20 கேள்வி, 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. விடையைத் தெரிவு செய்தால் போதும், கட்டுரை எதுவும் இல்லை. எல்லாமே 'டிஸ்கவர் கனடா' என்ற இலவசப் புத்தகத்திலிருந்துதான் வரும், அதை ஒலி வடிவிலும் கேட்கலாம். மகள் முதலில் தமிழில் பொருளைச் சொல்லிவிட்டு, அப்புறம் அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்கட்டும், அக்கா ரொட்டி தட்டிக்கொண்டே பதில் சொல்லட்டும். எந்த நம்பர் மலையில் எப்போது கொழுந்து எடுத்தோம் என்று மனதிலேயே வைத்திருந்தவருக்குப் கனடாவின் பத்து மாகாணமும் மூன்று ஆட்புலமும் பெரிய கணக்கா என்ன? ஒருமுறை தவறினாலும் மறுபடி எழுதலாம்.

55 வயதானால் இரண்டுமே தேவையில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஆறு வருஷம் சும்மா இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அடுத்த வருஷம் வந்த சட்டத்தில் நம் தாத்தா பாட்டிகளிடம் யாரும் பரீட்சை கேட்கவில்லை, இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேயே இருந்தோம் என்பதற்குக் கடதாசிதான் கேட்டார்கள். என் தாத்தா லயக் காம்பராவில் ஒரு தகரப் பெட்டி நிறையத் துண்டுக் கடதாசி சேர்த்து வைத்திருந்தார், அதில் ஒன்றுகூட அவருக்கு உதவவில்லை. மிச்சமிருந்த நம்மவர்களுக்கும் உரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. படித்தால் கிடைக்கும் என்ற ஒரு வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவே இல்லை. அக்காவுக்கு இருக்கிறது, விட வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் ஐந்து வருஷத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்தாரா என்று எண்ணிப் பாருங்கள். பாஸ்போர்ட்டிலும் வதிவிட அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், நம் பெயர்களைத் தோட்டத்தில் பதிந்த இலட்சணம் உங்களுக்கே தெரியும்.

முக்கியமான இன்னொன்று, கனடாப் பிரஜையானதும் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடும். கனடாவுக்கு இரட்டைப் பிரஜாவுரிமையில் ஆட்சேபணை இல்லை, நம் நாட்டுச் சட்டம்தான் அப்படி. அதைத் தக்கவைக்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், போன பிறகு திரும்பப் பெறவும் கேட்கலாம், இரண்டுமே பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வேலை. ஊரில் அக்கா பெயரில் காணி ஏதும் இருந்தால் இதை இப்போதே விசாரித்து வையுங்கள்.