39 வயதில் இன்னொரு ஃபைட்: ஒத்துக்கொள்ளலாமா?

வடசென்னையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தைச் சுருக்கி மட்டும் தருகிறேன்:

“டாக்டர் சார், எனக்கு 39 வயது. பதினாறு வயதில் கையில் பான்டேஜ் சுற்ற ஆரம்பித்தவன். பாக்ஸிங்கில் மாநில அளவில் பதக்கம் வாங்கியிருக்கிறேன். அப்புறம் கிக்பாக்ஸிங், இப்போது ஆறு வருடமாக எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை). காலையில் வேலை, மாலையில் ஏரியா பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மூன்று மாதத்தில் ஒரு தனியார் போட்டியில் ஃபைட் வந்திருக்கிறது, பணமும் பரவாயில்லை. ஸ்டாமினாவில் 25 வயதுப் பையன்கள் என்னோடு ஈடுகொடுக்க முடியாது. போன வருடம் ஸ்பாரிங்கில் (பயிற்சிக்காக ஆடும் மோதலில்) மட்டும் இரண்டு முறை விழுந்தேன். இரண்டாவது தடவை விழுந்ததே ஞாபகம் இல்லை, பையன்கள் சொல்லித்தான் தெரியும். வீட்டில் விடச் சொல்கிறார்கள். பாக்ஸர் ஜார்ஜ் ஃபோர்மேன் 45 வயதில் சாம்பியன் ஆகவில்லையா? விடுவதா, தொடர்வதா?”

இந்த ஃபைட் வேண்டாம். 39 வயது என்பதற்காகச் சொல்லவில்லை. ‘விழுந்ததே ஞாபகம் இல்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகச் சொல்கிறேன்.

ரிங் ஓரம் டாக்டராகப் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். விழுந்தவர் எழுந்ததும் டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்ப்பேன். அப்புறம், “இது எத்தனையாவது ரவுண்ட்? யாரோடு ஆடுறீங்க?” என்று கேட்பேன். மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுகச் சரியாகப் பதில் சொல்பவரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒருமுறை 37 வயதுக்காரர் ஒருவர், முகத்தில் கீறல்கூட இல்லாமல் நேராக நின்றுகொண்டு, “இன்னும் ஆரம்பிக்கலையே சார்” என்றார். கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, க்ளவ்ஸை யார் மாட்டிவிட்டது என்றும் கேட்டார். மூன்றாவது ரவுண்ட் ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாபகம் அறுந்தது என்றால் மூளை குலுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் கன்கஷன் என்கிறோம். பெரும்பாலும் ஸ்கேனில் எதுவும் தெரியாது. அதனால் “எம்ஆர்ஐ நார்மல்” என்ற காகிதத்தை ஃபைட்டுக்கான லைசென்ஸாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டாமினா விஷயத்தில் உங்களை நம்புகிறேன். வயதான ஃபைட்டர்களை ஏமாற்றுவதே அந்த ஸ்டாமினாதான். ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் செய்பவருக்கு மூச்சு நாற்பதிலும் நிற்கும். அதற்கு முன்பே டைமிங் போய்விடும். எதிராளியின் தோள் அசைவதைக் கண் பார்த்துவிடும், தலை நகர ஒரு இமைப்பொழுது தாமதமாகும். வருகிற அடியைப் பார்த்துவிட்டால் கழுத்துத் தசை தானாக இறுகித் தலையைப் பிடித்துக்கொள்ளும். பார்க்காமல் வாங்கும் அடியில் தலை சடாரென்று திரும்பும். உள்ளே மூளையும் சுழன்று அதன் நரம்பிழைகள் இழுபடும். 25 வயதில் பத்தில் ஒன்று இப்படி விழுந்தது என்றால், 39-இல் அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாமலேயே ஏறிக்கொண்டிருக்கும்.

ஃபோர்மேனுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் முகமது அலி. 1979-இல் ஓய்வை அறிவித்துவிட்டு, 1980 தொடக்கத்தில் மதராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அன்று பார்த்தவர்கள் வடசென்னையில் இன்றும் கதை சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதே வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி, 38 வயதில், லாஸ் வேகாஸில் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸை எதிர்த்து மறுபடி ரிங் ஏறினார். எடையை நன்றாக இறக்கி, நரைக்குச் சாயம் பூசி, பார்க்கப் பழைய அலி மாதிரியே நின்றார். அந்த எடை இறங்கியதற்குத் தைராய்டு மாத்திரையும் ஒரு காரணம். ஃபைட்டுக்கு முன் மேயோ கிளினிக்கில் எடுத்த பரிசோதனையில், ஒற்றைக் காலில் குதிப்பதிலும் விரலால் மூக்கைத் தொடுவதிலும் சிறு தடுமாற்றம் இருப்பதாகப் பதிவானது. ஆனாலும் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் லைசென்ஸ் கொடுத்தது. பத்து ரவுண்ட் ஓடியது. எந்த நடுவரும் ஒரு ரவுண்டைக்கூட அலிக்குத் தரவில்லை. பதினோராவது ரவுண்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று கார்னரில் இருந்த அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். அதோடும் விடவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு இன்னொரு பத்து ரவுண்ட் ஆடித் தோற்றார். 1984-இல் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று கண்டுபிடித்தார்கள். குத்துகள்தான் முழுக் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே வாதம் உண்டு. ஆனால் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் அவருடைய பழைய டிவி பேட்டிகளை அளந்து பார்த்தார்கள். 26 வயதுக்கும் 39 வயதுக்கும் நடுவில் பேச்சு 26 சதவீதம் மெதுவாகியிருந்தது. நோய் கண்டுபிடிக்கும் முன்பே!

சரி, ஃபோர்மேன். 1994 நவம்பர் 5-ஆம் தேதி, 45 வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்து ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். உண்மைதான். ஆனால் அவர் 1977-இல் ரிங்கை விட்டுப் போய் 1987-இல் திரும்பியவர். தலைக்கு அடி குவிய வேண்டிய பத்து வருடம் சர்ச்சில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். உங்களுக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை, 23 வருடமாக நிறுத்தாமல் வாங்கியிருக்கிறீர்கள். மூரர் ஃபைட்டிலும் பாயின்ட்டில் பின்தங்கித்தான் இருந்தார், ஒரே ஒரு வலது கைதான் காப்பாற்றியது. பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 46 வயதில் உலகப் பட்டம் வென்றவர். அடி வாங்காமல் ஆடத் தெரிந்த கெட்டிக்காரர் அவர். அவரையே 2016-இல், 51 வயதில், ஜோ ஸ்மித் ரிங் கயிற்றுக்கு வெளியே தள்ளி விழவைத்தார். எம்எம்ஏவில் சக் லிடெல்லைப் பாருங்கள். 2010-இல் ஓய்வு பெற்றார், 2018-இல் 48 வயதில் திரும்பி வந்தார், டிட்டோ ஓர்ட்டிஸிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்தார். அந்த வீடியோவையும் பார்த்துவிட்டு ஃபோர்மேன் பெயரைச் சொல்லுங்கள்.

“ஒரே ஒரு ஃபைட்தானே” என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபைட் மூன்று ரவுண்ட். அதற்குத் தயாராக வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு ரவுண்ட் ஸ்பாரிங் என்று வைத்தால், பன்னிரண்டு வாரத்தில் 144 ரவுண்ட். அன்றைக்கு ரிங்கில் விழும் அடியைவிட ஜிம்மில் விழும் அடிதான் அதிகம். அதுவும் உங்களைச் சாய்த்துப் பெயர் வாங்கத் துடிக்கிற உங்கள் பையன்களிடமே வாங்கும் அடி. கோச்சை விழவைத்தவன் என்ற பெருமை எந்தப் பையனுக்குத்தான் வேண்டாம்? ஹெட்கார்டு போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டாம். அது புருவம் கிழியாமல் காக்கும், மூளை உள்ளே குலுங்குவதைத் தடுக்காது.

வெயிட் குறைப்பதும் இருக்கிறது. வயது ஏற ஏற மூளை லேசாகச் சுருங்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் போகும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், எளிதில் கிழியும். அந்த வயதில், தண்ணீர் குடிக்காமல் வியர்வை உடுப்பு மாட்டி நான்கு கிலோ இறக்கி, மறுநாள் தலையில் குத்து வாங்குவது எனக்கு நினைத்தாலே பயம்.

அமெச்சூர் பாக்ஸிங்கில் 40 வயதோடு கதவை மூடிவிடுகிறார்கள். மேரி கோம் 2024-இல் வருத்தப்பட்டது அந்த விதியைப் பற்றித்தான். தனியார் போட்டியில் அப்படிக் கதவை மூட ஆள் இல்லாமல் போகலாம், நீங்களே மூடிக்கொள்ள வேண்டும்.

என் பேச்சில் நம்பிக்கை வரவில்லை என்றால் இந்த வாரமே இரண்டு வேலை செய்யுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஸ்பாரிங் வீடியோ ஒன்று, இந்த மாத வீடியோ ஒன்று, ஒரே அளவு உயரமும் வேகமும் உள்ள ஆளோடு ஆடியதாக எடுங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒரு ரவுண்டில் தலையில் சுத்தமாக விழுந்த அடிகளை நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். நீங்கள் கொடுத்ததை எண்ண வேண்டாம். அப்புறம் வாட்ஸ்அப்பில் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றையும் நேற்று அனுப்பியதையும் அடுத்தடுத்துப் போட்டு மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள். வார்த்தை குழைகிறதா, முன்னைவிடச் சட்டென்று கோபம் வருகிறதா, வைத்த இடம் மறக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். விடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டீர்களா?

எப்படியிருந்தாலும் ஒரு நரம்பியல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் பாருங்கள். கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ கரும்புள்ளி மிதப்பது போலவோ தெரிந்தால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அடி வாங்கிய பிறகு தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, எழுப்பவே முடியாத தூக்கம் வந்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இது உங்கள் பையன்களுக்கும் சேர்த்து.

“இத்தனை வருடம் வாங்கியாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகிறது” என்பவர்களும் உண்டு. லாஸ் வேகாஸில் கிளீவ்லாண்ட் கிளினிக் 2011-இலிருந்து ஃபைட்டர்களின் மூளையைத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. அதில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஞாபகமும் மூளையின் வேகமும் ஓரளவு மேம்பட்டதைப் பார்த்திருக்கிறார்கள். விடாதவர்களிடம் அது தெரியவில்லை.

விடுவது என்றால் க்ளவ்ஸை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. பேக் அடியுங்கள், ஸ்கிப்பிங் ஆடுங்கள், பையன்கள் குத்திப் பழகப் பேட் பிடியுங்கள். தலைக்கு அடி வரும் எதுவும் வேண்டாம், அவ்வளவுதான். பணம்தான் யோசனை என்றால், பாட்டியாலாவில் என்ஐஎஸ் என்ற தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் ஆறு வாரக் கோச்சிங் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, விசாரியுங்கள். உங்கள் ஆறு வருட எம்எம்ஏவைவிட அந்தக் காகிதம் பள்ளிக்கூடங்களில் அதிகமாகச் செல்லும்.

போட்டி நடத்துபவருக்கு இன்றே தகவல் சொல்லிவிடுங்கள். அவர்களும் வேறு ஆள் தேட வேண்டும். வீடியோவில் எண்ணிய இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். அதுவரை மாலையில் பையன்கள் “ஒரு ரவுண்ட் வாங்க கோச்” என்று கூப்பிட்டால், ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே நில்லுங்கள்.