ஏரியும் வேண்டும், பனிமலையும் வேண்டும்: சுவிட்சர்லாந்தில் எந்த ஊரில் பெட்டியை இறக்குவது?

கேள்வி: கோவையிலிருந்து ஜூன் மாதம் சுவிட்சர்லாந்து போகிறோம். நான், கணவர், 9 வயது மகள், மாமனார், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி, இரண்டு மாடி ஏறினால் அன்றைக்குப் படுத்துவிடுவார். ஆறு இரவு. ஊர் ஊராகப் பெட்டி தூக்க முடியாது, ஒரே இடத்தில் தங்கிச் சுற்ற வேண்டும். டிராவல் ஏஜென்ட் லூசர்ன் என்கிறார், தோழி லாட்டர்புருன்னன் என்கிறாள், மற்ற எல்லோரும் இன்டர்லாக்கன் என்கிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிய வேண்டும் என்பது என் ஆசை. எங்கே தங்கலாம்?

பதில்: ஜன்னல் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். இன்டர்லாக்கன் என்ற பெயரே 'ஏரிகளுக்கு நடுவே' என்ற லத்தீன் சொற்களிலிருந்து வந்தது. நடுவேதான், கரையில் இல்லை. மேற்கே தூன் ஏரி, கிழக்கே பிரியன்ஸ் ஏரி, இடையில் ஆரே ஆறு ஓடும் சமதரையில் ஊர். அங்கே ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிவது அபூர்வம். நடுவில் உள்ள பெரிய புல்வெளியில் பாராகிளைடர்கள் வந்து இறங்குவார்கள், பின்னால் வானம் தெளிவாக இருந்தால் யுங்ஃபிராவ் மலை. ஊர் என்று பார்த்தால் கைக்கடிகாரக் கடை, சாக்லேட் கடை, மறுபடியும் கைக்கடிகாரக் கடை.

இருந்தும் உங்கள் வீட்டுக் கணக்குக்கு நான் இன்டர்லாக்கனைத்தான் சொல்வேன், அதிலும் 'ஓஸ்ட்' என்ற கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ஊரில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன, 'வெஸ்ட்' ஒன்று, 'ஓஸ்ட்' ஒன்று. மலைக்குப் போகும் ரயில் கிளம்புவது ஓஸ்டிலிருந்து. பிரியன்ஸ் ஏரிப் படகுத்துறையும் அதே நிலையத்தின் பின்புறம்தான். காலையில் எழுந்து மேகம் இருந்தால் படகு, இல்லாவிட்டால் மலை என்று டீ குடித்துக்கொண்டே முடிவு செய்யலாம், இரண்டுக்கும் நடை ஒன்றுதான். இது சின்ன விஷயம் இல்லை. யுங்ஃபிராவ்யோக், அதாவது நம் டூர்காரர்கள் 'ஜங்ஃப்ரா' என்று விற்கும் 3,454 மீட்டர் உயர ரயில் நிலையம், போய்வர முழு டிக்கெட் ஆளுக்கு 200 ஃபிராங்குக்கு மேல் ஆகும், ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். அவ்வளவு கொடுத்து மேலே போய் வெள்ளைப் புகைக்குள் நின்றுவிட்டு வந்தவர்கள் நிறைய. அதனால் தேதியை இங்கிருந்தே பூட்டிவிடாதீர்கள். காலையில் மலை உச்சி வெப்கேமைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். ஆறு இரவு பக்கத்திலேயே தங்குவதன் லாபமே அந்த ஒரு நல்ல காலைக்குக் காத்திருக்க முடிவதுதான்.

போகும் வழியும் மாமியாருக்குத் தோதானது. ஓஸ்டிலிருந்து கிரிண்டல்வால்ட் பக்கம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கே டெர்மினல் என்ற நிலையத்தில் இறங்கினால் 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் கால் மணி நேரத்தில் பனியாற்றின் ஓரம் கொண்டுபோய் விட்டுவிடும், மீதி தூரம் மலைக் குகைக்குள் ரயில். மேலே காற்று மெலிசு, அவரை நிதானமாக நடக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஓஸ்டில் நிற்கும் மலை ரயில் வழியில் ஸ்வைலூட்ஷினன் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கு, இன்னொரு பாதி கிரிண்டல்வால்டுக்கு. ரயில் பெட்டியின் மேலேயும் பிளாட்பார பலகையிலும் எழுதியிருக்கும். நான் ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் எதையும் படிக்காமல் உட்கார்ந்து கிரிண்டல்வால்ட் போக வேண்டியவன் லாட்டர்புருன்னனில் இறங்கினேன். அருவி நன்றாகத்தான் இருந்தது.

அதே லாட்டர்புருன்னனைத்தான் உங்கள் தோழி சொல்கிறார். தப்பான ஊர் இல்லை, செங்குத்தான பாறைச் சுவரிலிருந்து கிட்டத்தட்ட 300 மீட்டர் விழும் ஸ்டாவ்பாக் அருவியைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஏரி கிடையாது. இரண்டு பக்கமும் பாறை என்பதால் வெயில் சீக்கிரம் போய்விடும், வீடுகள் பலவும் சரிவில். லூசர்ன் அழகான ஊர், ரிகி, பிலாட்டுஸ், டிட்லிஸ் மலைகள் போதும் என்றால் ஏஜென்ட் சொல்வது சரி. யுங்ஃபிராவ்யோக் பட்டியலில் இருந்தால் வேண்டாம், லூசர்னிலிருந்து இன்டர்லாக்கன் வரவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அதற்கப்புறம்தான் மலை ரயில்.

இல்லை, ஜன்னலில் ஏரி இருந்தே ஆக வேண்டும் என்றால் பிரியன்ஸ். ஓஸ்டிலிருந்து ரயிலில் 20 நிமிடம்தான். ரயில் நிலையம், படகுத்துறை, ரோட்ஹார்ன் மலைக்கு ஏறும் பழைய நீராவி ரயில் எல்லாம் எதிரும் புதிருமாக ஒரே இடத்தில். கரையோரம் சமதரை நடைபாதை. பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து ஏரி பச்சையும் நீலமுமாகப் பால் ஊற்றியதுபோல் இருக்கும், புகைப்படத்தில் கூட்டிக் காட்டியது என்று நினைத்திருந்தேன், இல்லை. சங்கடம் சாப்பாட்டில். ராத்திரி ஊர் அடங்கிவிடும், நம் நாக்குக்கு ஏற்ற சைவ ஹோட்டல் தேட இன்டர்லாக்கனுக்குத்தான் வர வேண்டும். தூன் ஏரிக்கரையில் உள்ள ஸ்பீட்ஸ் ஊரை யாராவது சொன்னால், குடா அழகுதான், ஆனால் நிலையம் மேட்டில், ஏரி பள்ளத்தில். முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரானாலும் அபார்ட்மென்ட் பதிவு செய்யும்முன் மூன்றைக் கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணம் விலைக்குள் அடக்கமா, ஒரு இரவுக்கு ஒரு ஆளுக்கு என்று வாங்கும் சுற்றுலா வரி தனியா. நான் ஒருமுறை 'நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்' என்று போட்டிருந்த வீட்டுக்குப் போனேன், ஐந்து நிமிடம் சரிதான், அது முழுக்கப் படிக்கட்டு. அந்தச் சுற்றுலா வரியைக் கட்டினால் விருந்தினர் அட்டை தருவார்கள், உள்ளூர் பஸ் அதில் இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விசாவுக்காக இப்போதே பதிவு செய்வதென்றால் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள்.

கேள்வி: ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கவா, ஹாஃப் ஃபேர் கார்டா?

பதில்: ஒரே ஊரில் தங்கி மலைக்கு மலை ஏறுபவர்களுக்குப் பெரும்பாலும் ஹாஃப் ஃபேர்தான் கட்டுப்படியாகும். டிராவல் பாஸ் இருந்தால் சாதா ரயிலும் ஏரிப் படகும் இலவசம், கிரிண்டல்வால்ட் வரைக்கும் செல்லும், ஆனால் அதற்கு மேலே யுங்ஃபிராவ்யோக்குக்கு 25 சதவீதத் தள்ளுபடிதான். ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் டிக்கெட் பாதி விலை. தினமும் வேறு வேறு நகரம் என்று அலைபவர்களுக்கு டிராவல் பாஸ். எது வாங்கினாலும் மகளுக்கு ஃபேமிலி கார்டு கேளுங்கள், அது இலவசம், பெற்றோருடன் போனால் ரயிலிலும் படகிலும் அவளுக்கு டிக்கெட் இல்லை.

கேள்வி: குக்கர் எடுத்துப் போகலாமா?

பதில்: அலுமினியம் என்றால் வேண்டாம், இண்டக்ஷன் அடுப்பாக இருந்தால் சூடேறாது. அடி கனமான ஸ்டீல் குக்கர் சின்னதாக ஒன்று போதும். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் இங்கேயே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி, அதனால் சனிக்கிழமையே பால், தயிர் வாங்கி வையுங்கள். மழை நாளில் பெர்ன் போங்கள், ஓஸ்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். அங்கே ஈழத் தமிழர்கள் நிறைய, அவர்கள் கடைகளில் கறிவேப்பிலை கிடைக்கும். யூரோப்பாபிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் 2014-இல் திறந்த சமயங்களின் இல்லம் என்ற கட்டடத்துக்குள் சைவக் கோயில் இருக்கிறது, அர்ச்சனை தமிழில். மாமியாருக்கு ஜங்ஃப்ராவைவிட அது பிடித்துப்போனால் என்னைக் குறை சொல்லக்கூடாது.