சிற்றாலயத்து மணியை நீங்களும் அடிக்கலாம்

தங்கை, லோரியானில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, உடன் வேலை செய்யும் பிரெத்தோன் பெண் (பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரெத்தாஞ் பகுதிக்காரர்) தன் ஊரான லு ஃபவுவெத்தில் நடக்கும் சிற்றாலயத் திருவிழாவுக்கு அழைக்கிறார், சைவப் பிள்ளையான நான் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போங்கள். இலங்கையில் நம் மடு மாதா கோயிலுக்குச் சைவர்கள் போய்வருவதில்லையா?

பிரான்சுக்கு வந்த புதிதில் எனக்கு 'சப்பல்' என்றால் பாரிசின் லா சப்பல்தான்: முருங்கைக்காய், புடவைக்கடை, தமிழ்ப் பெயர்ப்பலகைகள். சிற்றாலயம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்று பல ஆண்டுகள் கழித்து, நண்பர் ஒருவர் இதே லு ஃபவுவெத்துக்கு அழைத்துப் போனபோதுதான் உறைத்தது.

ஊர் நடுவில் 16ஆம் நூற்றாண்டின் பெரிய சந்தைக் கொட்டகை நிற்கிறது. ஆனால் ஊரின் உயிர் வெளியே, வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றாலயங்களில் இருக்கிறது. சேன் ஃபியாக்ர் ஆலயத்துக்குள் போனதும், பூசை நடக்கும் இடத்தையும் மக்கள் நிற்கும் இடத்தையும் பிரிக்கும் மரத்தடுப்பு கண்ணில் படும். பிரெஞ்சில் ஜூபே என்பார்கள். ஒலிவியே லு லோர்கான் என்ற சிற்பி 1480இல் செதுக்கியது. பச்சையும் சிவப்புமாக வண்ணம் பூசிய மரம், சரிகைபோல நுண்ணிய வேலை. முன்பக்கம் சிலுவையும் ஆதாம் ஏவாளும். அதோடு திரும்பிவிடாதீர்கள், பின்பக்கமும் போய்ப் பாருங்கள். அங்கே ஒருவன் வாயிலிருந்து நரி வெளியே வருகிறது! குடித்து வாந்தியெடுப்பதை 'நரியைத் தோலுரிப்பது' என்று பழைய பிரெஞ்சில் சொல்வார்கள். அந்தப் பேச்சு வழக்குத்தான் இங்கே மரத்தில் உருவமாகியிருக்கிறது என்கிறார்கள். இன்னொருவன் மரத்தில் பழம் திருடுகிறான். நம் தேர்களின் அடித்தட்டுச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமே வரவில்லை.

திருவிழாவை அங்கே 'பர்தோன்' என்பார்கள். பூசை, கொடிகளோடு ஊர்வலம், பிறகு எல்லோரும் சேர்ந்து உண்பது. செருப்பைக் கழற்ற வேண்டாம். புல் ஈரமாக இருக்கும், நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொள்ளுங்கள். பூசையில் குருவானவர் கொடுக்கும் அப்பமான நற்கருணையை வாங்க வரிசையில் போகாமல் இருந்த இடத்திலேயே நில்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் கட்டப்பட்ட ஆலயங்கள் பெரும்பாலும் ஊராட்சிக்குச் சொந்தம் என்றாலும், கூட்டித் துடைத்துப் பூ வைப்பவர்கள் அக்கம்பக்கத்தார்தான். ஆகவே வெறும் பார்வையாளராகப் போகாதீர்கள். முதல் நாளே தோழியிடம் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். எனக்கு மேசை விரிக்கும் வேலை கிடைத்தது; அந்த ஒரு மணி நேரத்தில் பேர் சொல்லி அழைக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். சாப்பாட்டு டிக்கெட்டையும் வாங்கிவிடுங்கள், அந்தப் பணம் பெரும்பாலும் ஆலயத்தின் பழுதுபார்ப்புக்குப் போகும். இறைச்சி உண்ணாவிட்டால் முட்டையும் சீஸும் வைத்த 'கலெத்' கேளுங்கள். 'கறுப்புக் கோதுமை' என்று அவர்கள் அழைக்கும் மாவில், தோசைபோல மெல்லிதாகச் சுட்டது. கிண்ணத்தில் தரும் சீதர் ஆப்பிள் மது, பழச்சாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

அவர்களுடைய பிரெத்தோன் மொழியில் ஒரு சொல்லாவது கற்றுக்கொண்டு போங்கள்: 'த்ருகாரே', நன்றி. மேசையில் என் பக்கத்தில் இருந்த பாட்டியிடம் அதைச் சொன்னேன். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முன்பு பள்ளியில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக மரக்கட்டைச் செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அவருடைய அப்பாவுக்கு அது நடந்திருக்கிறது. அதனாலேயே அப்பா தன் பிள்ளைகளிடம் பிரெஞ்சு மட்டுமே பேசினாராம். தமிழில் எப்படி நன்றி சொல்வது என்று கேட்டார். 'ன்றி' அவர் நாக்கில் ஏறவில்லை, ஆனாலும் விடாமல் நான்கு முறை சொல்லிப் பார்த்தார்.

நேரம் இருந்தால் சேன்த் பார்ப் ஆலயத்துக்கும் போங்கள். 1489இல் வேட்டைக்கு வந்த பிரபு ஒருவர் இடிமழையில் சிக்கி, தப்பினால் ஆலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது ஊர்க்கதை. இடி மின்னலில் இருந்து காப்பவர், ஆலயத்தின் பெயரில் உள்ள புனிதை பார்ப் என்பது நம்பிக்கை. எல்லே ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில், பாறையை ஒட்டி ஆலயம் இருக்கிறது. மேலே திறந்த வெளியில் மணி தொங்குகிறது. வருகிறவர்கள் அதை அடித்துவிட்டுத்தான் கற்படிகளில் இறங்குவார்கள். நீங்களும் அடியுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் பஸ்ஸை நம்ப வேண்டாம். திரும்பும்போது தோழியின் காரிலேயே வந்துவிடுங்கள்.