க்ராஸ் தரப்பு

அன்புள்ள சார்,

மைக்கேல் ஜோர்டானின் கூடைப்பந்து அணியைப் பற்றிய ‘தி லாஸ்ட் டான்ஸ்’ ஆவணத் தொடரின் பத்துப் பகுதிகளையும் இரண்டே நாளில் பார்த்து முடித்தேன். அப்புறம் விமர்சனங்களைத் தேடினால், ஜோர்டான் தனக்குத் தானே எடுத்துக்கொண்ட விளம்பரம் என்கிறார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் பட்டது. நான் ஐ.டி.யில் ஒரு டீமை நடத்துகிறேன். ஜோர்டான் மாதிரி கறாராக இருந்தால்தான் வேலை நடக்கிறது. விமர்சகர்கள் சொல்வது நியாயமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பொறாமை! ரொம்ப வசதியான வார்த்தை. 2020-இல் இதைச் சொன்னவர்களில் ஒருவர் கென் பர்ன்ஸ். ஆவணப்படத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர். தயாரிப்பில் ஜோர்டானின் நிறுவனமே பங்குதாரர் என்றால் அவருக்கு ஆகாதது உள்ளே வராது என்றார். இதில் அவருக்கு என்ன பொறாமை? சரி, தொடர் எம்மி விருது வாங்கியது, ஜோர்டானோடு ஆடிய ஸ்காட்டி பிப்பன் புத்தகம் எழுதிப் பொருமியது எல்லாம் இருக்கட்டும்.

என்னைக் கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருப்பவர் ஜெர்ரி க்ராஸ். ஜோர்டான் ஆடிய சிகாகோ புல்ஸ் அணியின் பொது மேலாளர். தொடரில் அவர்தான் வில்லன். 1987-இல் பிப்பனையும் ஹொரேஸ் கிராண்டையும் பிடித்துவந்தது யார்? 1989-இல் பில் ஜாக்சனைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது? 1995-இல் வில் பெர்டியூவைக் கொடுத்துவிட்டு டெனிஸ் ராட்மனைத் தூக்கியது? ஆறு கோப்பைகளிலும் அந்தக் குள்ள மனிதரின் கை இருக்கிறது. தொடர் இதை மறைக்கவில்லைதான். ஆனால் நமக்கு நினைவில் நிற்பது, க்ராஸின் மாத்திரையைப் பார்த்து ‘இது குள்ளமாகவே இருப்பதற்கா?’ என்ற பாணியில் ஜோர்டான் அடிக்கும் கேலி. நானும் சிரித்தேன்.

இயக்குநர் ஜேசன் ஹெஹிர் மற்றவர்களின் பேட்டியை டேப்லெட்டில் போட்டு ஜோர்டானிடம் நீட்டுகிறார். 1996 இறுதிச் சுற்றில் ஜோர்டானைக் களைக்க வைத்தேன் என்கிறார் எதிரணியில் ஆடிய கேரி பேட்டன். ஜோர்டான் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவ்வளவுதான், பேட்டன் காலி. கடைசிப் பேச்சு எப்போதும் ஒருவருக்குத்தான். க்ராஸ் 2017-லேயே இறந்துவிட்டார், அவரிடம் யார் டேப்லெட்டை நீட்டுவது? காசுப்பெட்டியை வைத்திருந்த உரிமையாளர் ரெயின்ஸ்டார்ஃப் உயிரோடு இருந்தார், சாவகாசமாக உட்கார்ந்து பேசினார், பெரிய அடி எதுவும் படாமல் தப்பித்தார்.

இன்னொன்று. 1993-இல் எதிரணி ஆட்டக்காரர் லாப்ராட்ஃபோர்டு ஸ்மித் 37 புள்ளிகள் எடுத்துவிட்டு ஜோர்டானைக் குத்தலாகப் பாராட்டினாராம். மறுநாள் ஜோர்டான் முதல் பாதியிலேயே 36 எடுத்தார். ஸ்மித் அப்படிச் சொல்லவே இல்லை, அது ஜோர்டானே கட்டிய கதை. வெறி ஏற அவருக்கு ஒரு எதிரி வேண்டும், இல்லையென்றால் தயாரித்துக்கொள்வார். க்ராஸ் என்ற எதிரியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு தயாரிப்பு? பத்து மணி நேரத்தில் இதை யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

உங்கள் டீமுக்கு வருகிறேன். பயிற்சியில் சக ஆட்டக்காரர் ஸ்டீவ் கெர் முகத்தில் குத்திய ஜோர்டான், பிறகு போன் போட்டு மன்னிப்பும் கேட்டார். நீங்கள் குத்தை மட்டும் கற்றுக்கொண்டீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். பிடித்த தொடரைத் திட்டுகிறவர்களையும் தேடிப் படித்தீர்களே, அது எல்லோருக்கும் வராது. உங்களை எனக்குப் பிடித்ததே அதனால்தான். உங்களிடம் வேலை பார்க்கிறவர்களையும் எனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.