ஒரே படத்துக்கு ஓட்சு முறை ஒவ்வொரு தடவையும் வேறு விடை தருவது ஏன்?

படத்தை எட்டு துண்டுகளாக்கி எட்டு திரெட்களிடம் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகளிடம்) கொடுத்ததும், ஓட்சு முறையில் வரும் த்ரெஷோல்டு, அதாவது பொருளையும் பின்னணியையும் பிரிக்கும் பிரகாச எல்லை, நிரலை ஓட்டும்போதெல்லாம் மாறுகிறது என்கிறீர்கள். இதே சிக்கலில் நான் மூன்று நாட்களைத் தொலைத்திருக்கிறேன்.

ஓட்சு முறை நம்பியிருப்பது ஹிஸ்டோகிராமை, அதாவது ஒவ்வொரு பிரகாச அளவிலும் எத்தனை பிக்சல்கள் என்ற கணக்கை. முதலில் அதன் 256 பெட்டிகளையும் கூட்டிப் பாருங்கள். 4096 × 4096 படம் என்றால் 1,67,77,216 வர வேண்டும். எனக்குக் குறைந்தது, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் அளவு. ஒரு பிக்சலை எண்ணுவது மூன்று வேலை: பெட்டியில் இருக்கும் எண்ணைப் படிப்பது, ஒன்றைக் கூட்டுவது, திரும்ப எழுதுவது. இரண்டு திரெட்கள் ஒரே கணத்தில் 500 என்று படித்தால் இரண்டுமே 501 என்று எழுதும். ஒரு பிக்சல் கணக்கில் வராமலே போய்விடும். பின்னணி முழுக்கக் கறுப்பாக உள்ள படத்தில் எல்லாத் திரெட்களும் ஒரே பெட்டியில் முட்டிக்கொள்ளும் என்பதால் இழப்பு இன்னும் மோசம்.

அணுநிலைக் கூட்டல் (அந்த மூன்று வேலைகளையும் வேறு திரெட் இடையில் புகாமல் ஒரே செயலாக முடிப்பது) விடையைச் சரியாக்கும்; ஆனால் அதே பெட்டிக்கு வரிசை நிற்பதால் வேகம் படுத்துவிடும். திரெட்டுக்கு ஒரு ஹிஸ்டோகிராம் கொடுங்கள். 256 எண்கள், எண்ணுக்கு 4 பைட், மொத்தம் ஒரு கிலோபைட்தான். கடைசியில் எட்டையும் கூட்டிவிடலாம். ஜிபியுவிலும் (வரைகலைச் செயலியிலும்) இதே வழிதான்: ஒவ்வொரு திரெட் தொகுதியும் தனக்குள் மட்டும் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு நினைவகத்தில் எண்ணிவிட்டு, முடிவில் மட்டும் பொதுக் கணக்கில் சேர்க்கும். அதன்பின் ஓட்சு கணக்கிடுவது வெறும் 256 மதிப்புகளில். அதை இணையாக்க மெனக்கெட வேண்டாம்.

துண்டுக்குத் துண்டு தனி ஓட்சு போட்டுவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பொருளே இல்லாத, பின்னணி மட்டும் உள்ள துண்டிலும் அது எதையாவது இரண்டாகப் பிரித்தே தீரும்; இரைச்சல் பொருளாகிவிடும், துண்டுகளின் விளிம்பில் கோடு தெரியும். வெளிச்சம் சீராக இல்லையென்றால், ஒவ்வொரு பிக்சலையும் அதன் சுற்றுப்புறச் சராசரியோடு ஒப்பிடுங்கள். படத்தின் முன்தொகை அட்டவணையை (மேல் இடது மூலையிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வரையிலான மதிப்புகளின் கூட்டுத்தொகையை) முதலில் வரிசைவாரியாகவும் பிறகு நெடுவரிசைவாரியாகவும் இணையாகக் கட்டிவிட்டால், சுற்றுப்புறமாக எடுக்கும் சாளரம் எவ்வளவு பெரிதானாலும் நான்கே மதிப்புகளில் சராசரி வந்துவிடும்.

அடுத்து, பொருள்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை அடையாளமாக இடும் கட்டம். ஒவ்வொரு துண்டும் தனக்குள் எண்ணிடட்டும். பிறகு எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும் எண்களை மட்டும் யூனியன்-ஃபைண்ட் (ஒரே பொருளைச் சேர்ந்த எண்களை ஒரே குழுவாக்கும் முறை) மூலம் இணையுங்கள். குறுக்கே இருப்பவை உட்பட எட்டு அண்டைப் பிக்சல்களைக் கணக்கில் எடுத்தால், கட்டம்கட்டமாக வெட்டிய படத்தில் நான்கு துண்டுகள் சந்திக்கும் மூலையையும் பாருங்கள். குறுக்காகத் தொடும் பிக்சல்களை அங்கே விட்டுவிட்டதால்தான் என் நிரல் ஒரே பொருளை இரண்டாக எண்ணியது.