காலிங்வுட்டின் மேசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

1805இல் பிரான்ஸ், ஸ்பெயின் கப்பற்படைகளைப் பிரிட்டன் தோற்கடித்த ட்ரஃபால்கர் கடற்போர் பற்றி ஒரு ஆவணப்படம் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் கப்பலேறி அட்மிரல் ஆவது எவ்வளவு பெரிய சாகசம்! நாமெல்லாம் நாற்காலி தேய்த்தே ஆயுளைக் கழிக்கிறோம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில் பதவி உயர்வு கிடைத்தது திறமையாலா, சிபாரிசாலா? பாய்மர வகைகளைப் பற்றியும் எழுதுங்கள்.

க.

அன்புள்ள க.,

பாய்மர வகைகளை விடுங்கள், படத்தோடு எங்கும் கிடைக்கும். சிபாரிசா திறமையா என்றால், இரண்டும்தான். ட்ரஃபால்கரில் பிரிட்டிஷ் படையை நடத்திய நெல்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாய்மாமன் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பதவியில் இருந்தார், மருமகன் 18 வயதில் லெப்டினன்ட், அதாவது அதிகாரிப் பதவியின் முதல் படி. நெல்சனின் நண்பர் கத்பர்ட் காலிங்வுட் பத்து வயது மூத்தவர், 1761இல் கப்பலேறியவர், லெப்டினன்ட் ஆக அவருக்கு 14 ஆண்டுகள் பிடித்தன. நெல்சன் 1779இல் முழுக் கேப்டன், இவர் 1780இல். அதற்கப்புறம் அட்மிரல் பதவி வரை எல்லாம் முழுக் கேப்டன் ஆன தேதி வரிசைப்படிதான் என்பதால், கடைசிவரை இளையவருக்குப் பின்னால்தான் நின்றார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. சாகசம் என்கிறீர்களே, கப்பலேறிய புதிதில் பையன் காலிங்வுட் வீட்டை நினைத்து அழுதுகொண்டிருந்தான். ஒரு அதிகாரி இரக்கப்பட்டு நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசியதும், அவரைத் தன் பெட்டிக்கு அழைத்துப்போய், அம்மா கொடுத்துவிட்ட ப்ளம் கேக்கில் பெரிய துண்டாக நீட்டியிருக்கிறான். பன்னிரண்டு வயது என்றால் இதுதான். உங்கள் வீட்டில் அந்த வயதில் பிள்ளை இருந்தால் அனுப்புவீர்களா?

ட்ரஃபால்கரில் எதிரி வரிசைக்குள் முதலில் நுழைந்தது அவருடைய ராயல் சாவரின் கப்பல்தான். படத்தில் காட்டியிருப்பார்கள். அது ஒரு மதியம். அதற்குப் பிறகு என்ன செய்தார் தெரியுமா? நாற்காலி தேய்த்தார்! மத்தியதரைக் கடல் முழுவதற்கும் தளபதியாக, ஆடும் கப்பலின் அறையில் மேசைமேல் குனிந்து, அரசர்களுக்கும் தூதர்களுக்கும் கேப்டன்களுக்கும் ஓயாமல் எழுதினார். வயிற்று நோய் வந்தது. மேசைமேல் குனிந்தே இருந்ததும் கப்பலிலேயே அடைந்துகிடந்ததும்தான் காரணம் என்றார்கள். உங்கள் மேசையும் அவர் மேசையும் ஒரே மேசைதான், க. அதை இளக்காரமாகப் பேசாதீர்கள். எவ்வளவு கப்பல், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கயிறு என்று கணக்குப் பார்க்க யாரும் உட்காராவிட்டால் ஒரு கப்பற்படை ஒரு மாதம்கூடக் கடலில் நிற்காது.

1803இல் கிளம்பியவர் வீடு திரும்பவே இல்லை. இரண்டு மகள்களும் அவர் இல்லாமலே வளர்ந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கணிதமும் வானியலும் தெரியவேண்டும் என்று அங்கிருந்தபடியே மனைவிக்கு எழுதினார். பிரபுப் பட்டம் கொடுத்தார்கள், மகன் இல்லாததால் அது மகள்களுக்குப் போகட்டும் என்று கேட்டார், கொடுக்கவில்லை. உடம்பு முடியவில்லை, விடுவியுங்கள் என்றார், உங்களை விட்டால் ஆள் இல்லை என்றார்கள். கடைசியில் விடுபட்டு மத்தியதரைக் கடலின் மினோர்கா தீவிலிருந்து கிளம்பிய மறுநாள், 1810 மார்ச் 7, கப்பலிலேயே உயிர் போனது. வயது 61.

அவருடைய கடிதங்கள் 1828இலேயே புத்தகமாக வந்துவிட்டன. முதலில் வீட்டுக்கு எழுதியவற்றைப் படியுங்கள். போர் அறிக்கைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.